கரையிலிருந்து நீர்வரை: கயாக் படகுகளைச் சுமந்த பணியில் கற்றவை

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு நீர்விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில், துடுப்பால் ஓட்டும் சிறு படகுகளான கயாக் படகுகளுக்குப் பொறுப்பாளராகப் பணியாற்றிய காலத்தில், என்னைச் சந்தித்தவர்கள் பெரும்பாலும் அலையைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியுமே கேட்டார்கள். அந்தப் படகுகள் கடற்கரைக்கு எப்படி வந்து சேர்கின்றன என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் பழுதுபார்க்க என்னிடம் வந்த படகுகளில் பெரும்பாலானவை தரையில்தான் அடிபட்டிருந்தன. கயிறு இறுகிப் பள்ளம் விழுந்த அடிப்பாகம், சிமெண்டுத் தளத்தில் இழுக்கப்பட்டுத் தேய்ந்துபோன பின்முனை, கேரியரின் இரும்புக் கம்பி உரசி உண்டான நீண்ட கீறல் ஆகியவற்றையே மீண்டும் மீண்டும் பார்த்தேன். படகுக்கு வரும் சேதத்தைவிட, அது கழன்று விழுந்தால் பின்னால் இரு சக்கர வாகனத்தில் வரும் ஒருவருக்கு என்ன நேரும் என்ற எண்ணமே என்னை இந்த வேலையில் கண்டிப்பானவனாக்கியது. நீரில் இறங்குபவர் ஆபத்தை அறிந்து, மிதவை அங்கி அணிந்து இறங்குகிறார். சாலையில் நமக்குப் பின்னால் வருபவரோ தம் தலைக்கு எதிரே ஒரு படகு இருப்பதை எண்ணிப் பார்க்காமலேயே வருகிறார்.

எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் பாலிஎத்திலீனில் வார்க்கப்பட்ட, மேலே அமர்ந்து ஓட்டும் வகைப் படகுகள். ஒருவர் செல்லும் படகு ஒன்பது, பத்தடி நீளமும் 20 முதல் 25 கிலோ எடையும் கொண்டது. இருவர் படகு பன்னிரண்டு அடியைத் தாண்டும். எடையும் 30 கிலோவுக்கு மேல் போகும். நீண்ட கடற்பயணத்துக்கான ஒடுங்கிய படகுகளோ பதினாறு, பதினேழு அடிவரை இருக்கும். இவற்றை ஏற்றுவதற்கு எளிதில் வாடகைக்குக் கிடைப்பது நாம் குட்டி யானை என்றழைக்கும் சிறு சரக்கு வண்டி. அதன் சரக்குத் தட்டின் நீளம் ஏறத்தாழ ஏழடிதான். இருவர் படகை அதில் கிடத்தினால் ஐந்தடிக்குமேல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முனையில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1அ) பிரிவின்படி, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அதிகப்படியான சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. அபராதத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வருபவரின் கண்ணுக்கு அந்தத் துணி தெரியாது. ஆகவே நீண்ட படகுகளை நீண்ட தட்டுள்ள வண்டியில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதிட்டு, வாடகை கூடினாலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன்.

கார் கூரையில் ஏற்றுவது வேறு கணக்கு. பல கார்களில் கூரையின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் கம்பிகள் அழகுக்காகப் பொருத்தப்பட்டவை. சுமை தாங்குவதற்கானவை அல்ல. கூரை எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதைக் காருடன் வரும் கையேட்டில் பார்க்க வேண்டும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோ வரைதான். அதிலும், படகைத் தாங்கக் கூரையின் குறுக்கே பொருத்தும் சட்டங்களின் எடையைக் கழித்தாக வேண்டும். இருவர் படகு இரண்டை ஒரு சிறிய காரின் மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட நினைத்த வாடிக்கையாளர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

படகைக் கூரையில் எப்படி வைப்பது என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. நீரில் மிதப்பதைப் போலவே நிமிர்த்தி வைப்பதுதான் இயல்பு என்று தோன்றும். ஆனால் அப்படி வைத்தால் படகின் முழு எடையும் இறுக்கத்தின் முழு அழுத்தமும் தட்டையான அடிப்பாகத்தின் மேல் விழுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் பாலிஎத்திலீன் இளகிக் குழைகிறது; காலையில் இறுக்கிக் கட்டிய படகை நண்பகலில் இறக்கும்போது, சட்டங்கள் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அப்படிப் பள்ளம் விழுந்த படகு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே எங்கள் படகுகளைக் கவிழ்த்து வைத்தோம். மேல்தளத்தின் விளிம்புகள் உறுதியானவை. அவை சட்டத்தின் மேல் அமர்ந்தால் படகு அசையாது, ஐப்பசி மழையிலும் உள்ளே நீர் தேங்காது. இடையில் நல்ல நுரைத் திண்டு இருக்க வேண்டும். படகுக்குள் முன்பே தங்கியிருக்கும் நீரையும் அடைப்பைத் திறந்து வடித்துவிட வேண்டும். இருபது லிட்டர் நீர் உள்ளே கிடந்தால் இருபது கிலோ கூடுதல் சுமையைக் கூரையில் ஏற்றுகிறோம், அதுவும் ஒவ்வொரு பிரேக்கிலும் முன்னும் பின்னும் ஓடி மோதும் சுமையை.

கட்டும் முறையைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் வேலையின் உயிர் அதில்தான் இருந்தது. நம் ஊரில் எதையும் சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டுவது வழக்கம். ரப்பர் நீளும், காற்று படகைத் தூக்க முயலும் நொடியில் அது படகோடு சேர்ந்து எழும்பிக் கொடுக்கும். சாதாரண நைலான் கயிறும் இழுவிசைக்கு நீண்டு கொடுப்பதுதான். நனைந்தால் மேலும் தளரும். பாலியெஸ்டர் நாடாவால் ஆன, பல் பிடிக்கும் பக்கிள் உள்ள பட்டைகளே நம்பத்தக்கவை. லாரிகளில் பயன்படும் நெம்புகோல் பட்டைகளை நான் தவிர்த்தேன். அவை இரும்புச் சுமைக்கு உரியவை, ஒரு சொடுக்கு அதிகமானாலும் பிளாஸ்டிக் படகை நசுக்கிவிடும். கையால் முடிந்த அளவுக்கு இழுத்து இறுக்கிவிட்டு, பிறகு படகின் முனையைப் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். படகு மட்டும் தனியே நகர்ந்தால் கட்டு போதாது. காரே சேர்ந்து ஆடினால்தான் கட்டு சரி.

நடுவில் இரண்டு பட்டைகள் போட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் காரின் இழுவைக் கொக்கிகளுக்குத் தனித்தனிக் கயிறு போட வேண்டும் என்பதில் நான் எந்த விலக்கும் அளித்ததில்லை. எதிர்காற்று படகின் மூக்கைத் தூக்காமல் முன்கயிறு பிடித்துக்கொள்கிறது. திடீரென்று பிரேக் போடும்போது படகு முன்னால் சரிந்து பாயாமல் பின்கயிறு பிடித்துக்கொள்கிறது. முன்கயிற்றால் இன்னொரு பயனும் உண்டு. ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கும் ஒரே கட்டு அதுதான். அது தொய்வதைக் கண்டால், மேலே எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். இந்தக் கயிறுகளை இறுக்குவதற்கு, வைக்கோல் லாரிகளில் பாரம் கட்டுபவர்களிடம் நான் கற்ற முறையையே எங்கள் பையன்களுக்கும் கற்பித்தேன்: கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, முனையைக் கொக்கியில் சுற்றிக் கண்ணி வழியே மீண்டும் கீழே இழுத்தால் ஒருவர் கையின் பலம் பெருகிவிடும். பட்டையைத் தட்டையாக விடாமல் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால், ஓட்டத்தில் அது காற்றில் அதிர்ந்து எழுப்பும் பெரும் ரீங்காரமும் அடங்கும். வழியெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால், உண்மையில் ஏதேனும் தளரும்போது எழும் சத்தம் ஓட்டுநரின் காதில் விழாது.

எங்கள் நீண்ட பயணங்கள் இராமேசுவரத்துக்கு. காற்று என்றால் என்ன என்பதை எனக்கு உணர்த்தியது அந்த வழிதான். காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் இருப்பதைவிட 80-ல் நான்கு மடங்கு. எனவே படகு ஏற்றிய வண்டிக்கு அறுபதே எல்லை என்று வைத்திருந்தோம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வெட்டவெளியில், முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்த பிறகு, கூரையில் ஏற்றிய படகு பக்கவாட்டில் அழுத்தப்படுவதை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். எதிரே வரும் பேருந்து கடக்கும்போது ஒரு கணம் காற்று மறைக்கப்பட்டு, அடுத்த கணம் மீண்டும் அறையும். அந்த இரண்டு கணங்களுக்கும் இடையில்தான் தளர்ந்த கட்டு தன்னைக் காட்டிக்கொள்ளும். புறப்பட்ட முதல் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி எல்லாக் கட்டுகளையும் தொட்டுப் பார்ப்பதும், அதன்பின் ஒவ்வொரு தேநீர் நிறுத்தத்திலும் மீண்டும் பார்ப்பதும் எங்கள் வழக்கம்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டேகால் கிலோமீட்டர் நீளம், இருபுறமும் கடல். அருகில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்றுமானி பொருத்தி, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில்களை நிறுத்திவைத்தார்கள். பல டன் எடையுள்ள ரயிலுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்ட இடத்தில், கூரையில் படகைச் சுமந்த கார் எவ்வளவு பணிந்துபோக வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. கச்சான் எனும் மேல்காற்று வலுத்து வீசும் மாதங்களில், எங்கள் ஓட்டுநர் அண்ணன் பாலத்துக்கு இக்கரையிலுள்ள மண்டபம் ஊரிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “தம்பி, இப்ப பாலம் ஏற வேண்டாம், விடியக்காத்தால போயிடலாம்” என்று சொல்வார். பயணிகள் முகம் சுளித்தாலும், முன்பதிவு கெட்டாலும், அந்த முடிவில் அவரை மீற யாருக்கும் உரிமையில்லை என்று நான் விதி வைத்திருந்தேன். சுமையைப் பற்றிய கடைசிச் சொல் வண்டியை ஓட்டுபவருடையதாக இருக்க வேண்டும் என்பதை இன்றும் உறுதியாக நம்புகிறேன். அலுவலகத்தில் அமர்ந்து நேர அட்டவணை பார்ப்பவருக்கு ஸ்டியரிங்கில் வரும் அந்த அழுத்தம் தெரியாது.

வண்டியிலிருந்து இறக்கிய பிறகு நீர்வரை உள்ள தூரம் சிறியதுதான். அதில்தான் மனித உடல்கள் அடிபடுகின்றன. நாள்முழுதும் படகு தூக்கும் இளைஞர்களின் முதுகைப் பற்றி எந்த நிலையமும் போதுமான அளவு கவலைப்படுவதில்லை என்பது என் மனக்குறை. தனியாகத் தூக்கக் கூடாது, முழங்காலை மடித்து எழ வேண்டும், ஏறத்தாழ ஒரே உயரமுள்ள இருவர் சேர வேண்டும் என்பவற்றைக் கட்டாயமாக்கினேன். மணலில் புதையாத, அகன்ற காற்றுச் சக்கர வண்டிகளை வாங்கித் தரும்படி நான் எழுதிய கடிதங்கள், பணியில் நான் எழுதியவற்றிலேயே அதிகப் பயன் தந்தவை. காற்றடிக்கும் வேளையில், படகை இறக்குபவர்கள் காற்று மறைவான பக்கத்தில் நிற்கக் கூடாது. பட்டையைக் கழற்றிய நொடியில் படகு அவர்கள்மேல் சரியும்.

கோவளம் போன்ற கரைகளில் மணல் வெறும் மணல் அல்ல. மீனவர்கள் வலை உலர்த்துவதும் பிரித்துச் சீர்செய்வதும் அங்கேதான். அவற்றின் குறுக்கே படகை இழுத்துச் சென்றால், ஒரு வீட்டின் ஒரு நாள் உழைப்பு கிழியும். இறங்கும் வழியை அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டிய தடத்திலேயே நடந்தோம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை என்பதால், மணல்மேல் வாகனம் ஓட்டுவதை அறவே ஒதுக்கினோம்.

நீரின் விளிம்பில் இன்னொரு கவனம் வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக் கூடாது. நீர் நிறைந்த படகு 200 கிலோவையும் தாண்டும். சிறு அலையே அதைத் தூக்கி முழங்காலில் அடித்துவிடும். படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி, பக்கவாட்டில் நின்று பிடித்துக்கொண்டு, பயணி அமர்ந்த பிறகுதான் கையை விட வேண்டும்.

மாலையில் திரும்பியதும் பட்டைகளையும் பக்கிள்களையும் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்தினோம். உப்பு படிந்தால் பக்கிளின் பல் முழுதாக மூடாது; வெயிலில் கிடந்தால் நாடா வெளுத்து இழை விடும். விளிம்பில் இழை பிரிந்த பட்டை எதுவானாலும் அதைக் குப்பையில் அப்படியே போட விடமாட்டேன். யாராவது அதை எடுத்து மீண்டும் ஒரு படகைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக, என் கையாலேயே கத்தரித்துத் துண்டுகளாக்கிவிட்டு, புதிய பட்டைக்கான சீட்டை எழுதிக் கிடங்கில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.