டிராயிங் சார் பீரோவில் இருப்பவை

வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை அதன் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு வீடு வரையும். மீதித் தாள் சும்மா கிடக்கும். ஏம்மா இவ்வளவு சின்னதா என்று கேட்டால் பதில் வராது, பக்கத்தில் இருப்பவன்தான் சொல்வான், "தப்பாப் போச்சுன்னா தாள் வீணாயிரும்ல சார்."

நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தப் பயத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கை வராத பிள்ளைகள் கொஞ்சம்தான், வீணாகிவிடும் என்று கையைச் சுருக்கிக்கொள்கிற பிள்ளைகள்தான் வகுப்பு நிறைய. அதனால் என் பீரோவுக்குள் எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: இது கிழிந்தால், கொட்டினால், தீர்ந்தால் யாருக்காவது வயிறு எரியுமா? எரியும் என்றால் அது வீட்டில் இருக்கட்டும்.

என் பீரோ என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது அறிவியல் ஆய்வகத்து இரும்பு பீரோ. அதில் கீழ் இரண்டு தட்டு மட்டும் எனக்கு. சிவகாசிப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. 2012-இல் மாநிலம் முழுக்க ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர் என்று பகுதி நேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தார்களே, மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். சம்பளம் இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது, வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கதையை ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, விடுங்கள்.

அரசாங்கம் விலையில்லாப் பொருள் தருகிறதே என்பார்கள். தருகிறது, நல்ல விஷயம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரேயான், மூன்றிலிருந்து ஐந்து வரை கலர் பென்சில், ஆறாம் வகுப்புக்கு வந்தால் ஜாமெட்ரி பாக்ஸ். அதாவது பிள்ளை என்னிடம் வந்து சேருகிற வருடம் பார்த்துக் கலர் நின்றுபோய், காம்பஸ் கைக்கு வந்திருக்கும். அப்புறம் நான் தான் கலர் தேட வேண்டும்.

ஆனால் இந்த ஊரில் தாளுக்குப் பஞ்சம் இல்லை. நாடு முழுவதற்கும் காலண்டர் போகிற ஊர். அச்சாபீஸில் ஒரு புது வேலை ஏறும்போது நிறமும் இடமும் சரியாக வந்து உட்காரும்வரை மெஷினுக்குத் தாள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நல்ல தாளைப் போட மாட்டார்கள், ஏற்கெனவே வீணான தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். அதனால் முருகன் முகத்தின் மேல் பட்டாசுப் பெட்டி, அதன் மேல் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், அதற்கும் மேல் தலைகீழாக ஜூலை மாதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சான தாள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். எடைக்குப் போகிற சரக்கு. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி, வாத்தியார் வந்திருக்கார் என்று சொல்லி ஒரு கட்டு தூக்கிப் போடச் சொல்லுவார், காசு வாங்க மாட்டார்.

அந்தத் தாளைத்தான் ஜூன் மாதம் முதல் வகுப்பில் கொடுக்கிறேன். பென்சில் கிடையாது, தடித்த பிரஷ்ஷும் கறுப்பு மையும் மட்டும். இந்தக் குழப்பத்துக்குள் உனக்கு என்ன தெரியுதோ அதைச் சுற்றிக் கோடு போடு என்பேன், அவ்வளவுதான். முருகனின் காதும் பூச்சட்டியின் தீப்பொறியும் சேர்ந்து ஒருத்திக்குச் சேவலாகத் தெரியும், இன்னொருவனுக்கு அதே இடம் ஜேசிபி. தாள் ஏற்கெனவே வீணானது, இனி வீணாக என்ன இருக்கிறது? மூலையில் வீடு வரைந்த அதே பிள்ளை தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழுக்கும். இதை எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

பின்பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற ஓவிய ஆசிரியர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆர்ட் பேப்பர் இரண்டு பக்கமும் வழவழப்பு. அதில் வாட்டர் கலர் ஒட்டாது, குளம் கட்டி நின்று காய்ந்ததும் உதிரும். லேபிளுக்குப் போகிற குரோமோ பேப்பருக்கு ஒரு பக்கம்தான் வழவழப்பு, பின்பக்கம் கலர் நன்றாகப் பிடிக்கும். வழவழப்புப் பூச்சே இல்லாத மேப்லித்தோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் விரலை நனைத்து ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், உறிஞ்சினால் நம்ம தாள்.

அந்தத் தாள்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டமாக ஒரு கலர்ப் பட்டை ஓடும், மூலைகளில் கூட்டல் குறி இருக்கும். மெஷின்காரர் பார்த்துச் சரிசெய்வதற்காகப் போட்டது. எனக்கு அது பாடப்புத்தகம். சையான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற ரோஸ் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் அச்சாபீஸிலோ பைண்டிங்கிலோ இருப்பார். சிவப்பு, மஞ்சள், நீலம்தான் முதன்மை நிறங்கள் என்று நான் சொன்னபோது, "எங்கப்பா மெஷின்ல சிவப்பே கிடையாது சார், மெஜந்தாதான்" என்று ஒருத்தன் எழுந்து சொன்னான். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு லென்ஸோடு போனேன்.

லென்ஸ் என் பீரோவின் ராஜா. அச்சாபீஸில் புள்ளி பார்க்க வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற மடக்கு லென்ஸ், அதேதான். காலண்டர் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் மயிலின் பச்சை காணாமல் போய்விடும். பச்சை மையே இல்லை, நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கத்தில் பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் உட்கார்ந்திருக்கும். கண்ணை எடுத்தால் மறுபடி பச்சை. ஒரு லென்ஸை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டால் அந்தப் பீரியட் அதோடு முடிந்தது, நான் எதுவும் பேசத் தேவையில்லை. அப்புறம் அவர்களே சட்டை, நகம், சோற்றுப் பருக்கை என்று எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பழைய காலண்டர் என்றதும் கொண்டையராஜுவைச் சொல்லாமல் போக முடியாது. கோவில்பட்டியில் இருந்தவர், 1898-இல் பிறந்து 1976-இல் இறந்தவர், நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் வீடு வீடாகப் போயின. தேதி கிழிந்து முடிந்த பிறகும் படத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொள்வார்கள். இந்தப் படத்தை யார் வரைந்தது என்று கேட்டால் பிள்ளைகள் "அச்சடிச்சது சார்" என்பார்கள். கீழே ஓரத்தில் கையெழுத்து இருக்கா பார் என்று வீட்டுக்கு அனுப்புவேன். பாட்டி வீட்டுப் பூஜை மாடத்தில் ஏறி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பெயரைக் கண்டுபிடித்து வந்து சொல்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. போஸ்டர் கலரில் பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டேன். அதில் வெள்ளைதான் முதலில் தீரும், ஊதாவும் பிரவுனும் கல்லாகிக் கிடக்கும். லெமன் மஞ்சள், கிரிம்சன் என்கிற அடர்சிவப்பு, ஒரு நீலம், இவற்றோடு பெரிய பாட்டில் வெள்ளை, இவ்வளவு போதும். சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் உள்ள ஸ்கார்லெட் வாங்காதீர்கள், நீலத்தோடு சேர்த்தால் ஊதாவுக்குப் பதிலாகச் சேற்று நிறம்தான் வரும். கறுப்பை நான் ஒளித்துத்தான் வைப்பேன். கையில் கிடைத்தால் எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கரை கட்டிவிடுவார்கள்.

தட்டு வேண்டுமே என்றால் டிபன் பாக்ஸ் மூடி. தண்ணீருக்கு ஊறுகாய் பாட்டில் இரண்டு, ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலர் குழைக்க. இந்த இரண்டு பாட்டில் பழக்கத்தைக் கொண்டுவர நான் பட்ட பாட்டில் பாதியை வேறு எதிலாவது பட்டிருந்தால் பெரிய ஆளாகியிருப்பேன். பிரஷ் ஆறாம் நம்பர் வட்டம் போதும். கழுவி, முனையை விரலால் கூராக்கி, மயிர் மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். தரையில் குத்தி நசுக்குகிற கைகளுக்குப் பனைமட்டைத் துண்டு. நுனியைக் கல்லில் தட்டினால் நார் பிரிந்து பிரஷ் ஆகிவிடும், எத்தனை குத்தினாலும் தாங்கும்.

மண் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான். சுற்றுவட்டாரத்தில் கரிசல், கொஞ்சம் தள்ளிப் போனால் செம்மண். கட்டியைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் உட்கார்ந்ததும் மேலே இருக்கிற கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளிய வைத்தால் அடியில் வெண்ணெய் மாதிரி வண்டல் தங்கும். நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடித்து இதோடு குழைத்தால் கலர் தயார். நாலைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும், இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும். அதே கடையில் காவிக்கட்டியும் கிடைக்கும், அது அருமையான சிவப்பு. கரிசல் ஈரத்தில் கறுப்பாக இருந்துவிட்டுக் காய்ந்ததும் சாம்பலும் பழுப்புமாக வெளுக்கும். தடிமனாகப் பூசினால் கோடையில் கண்மாய் வெடிக்கிறதே, அப்படியே தாளிலும் வெடிக்கும். முதலில் பிள்ளைகள் பயந்தார்கள், இப்போது வேண்டுமென்றே தடிமனாகப் பூசி வெடிக்கவைக்கிறார்கள். மஞ்சள்பொடியில் சுண்ணாம்பு தொட்டால் சிவக்கும் வித்தையும் உண்டு, ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். சுவரில் மாட்டுகிற படத்துக்கு வேண்டாம்.

கலர் சாக்பீஸைச் சீனித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து ஈரத்தோடு போர்டில் போட்டுப் பாருங்கள். நிறம் பளிச்சென்று எழும்பும், தூள் பறக்காது. ஒரு குறை, டஸ்டரால் அழியாது, ஈரத்துணி வேண்டும். அடுத்த பீரியட் கணக்கு சார் வந்து மயிலின் தோகைக்கு நடுவில் சமன்பாடு எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். மறுநாள் போர்டில் எறும்பு வேறு. இருந்தாலும் அவர் என் பீரியடைக் கடன் வாங்கிய கணக்குக்கு எறும்பு ரொம்பக் குறைவு.

டிராயிங் மாஸ்டர் என்றால் எழுத்து வேலை எல்லாம் நம் தலையில்தான். வரவேற்பு போர்டு, டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் தினம், பெஞ்சுக்கு நம்பர், பீரோவுக்குப் பெயர். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிற கலைத் திருவிழா வந்த பிறகு ஓவியத்துக்கும் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் போட்டி என்றதும் பிள்ளைகள் மறுபடி மூலைக்கே போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நல்ல வெள்ளைச் சார்ட், மேலே நடுவர், கையில் வாட்ச். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, ஒரு ஆறு. எங்கள் பக்கம் தென்னையைவிடச் சீமைக்கருவேலம் அதிகம், ஆற்றில் மணலைத்தான் பார்க்கலாம். இருந்தும் பயம் வந்தால் எல்லாருக்கும் ஒரே ஊர்தான்.

அப்புறம் சில்லறைச் சாமான்கள். முப்பது சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், சாயத்தில் தோய்ந்து எந்த நிறம் என்றே தெரியாத ஒரு துண்டு, தெளிப்பதற்குப் பழைய டூத் பிரஷ்கள், தண்ணீரில் முனையை நனைத்தால் இன்னும் ஒரு வாரம் உயிரோடிருக்கும் ஸ்கெட்ச் பேனாக்கள். பார்த்து வரைவதற்கு ஒரு பெட்டி நிறையத் துருப்பிடித்த பூட்டு, பனங்கொட்டை, உடைந்த அரிக்கேன் விளக்கு, ஒரு சைக்கிள் பெடல். தேர்வுக்குப் பானையும் கூம்பும்தான் வைப்பார்கள், ஆனால் பெடலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது புதுப் படம். அழிரப்பரை மட்டும் வகுப்பு ஆரம்பத்தில் வாங்கி வைத்துக்கொள்வேன், மணி அடித்ததும் தந்துவிடுவேன். முதல் மாதம் அழுகை, அடுத்த மாதம் மறந்துவிடும்.

தாள் கேட்டு அச்சாபீஸுக்குப் போகிறவர்கள் நேரம் பார்த்துப் போங்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கப்புறம் டிசம்பர் வரை மெஷின் நிற்காது, உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் போனால் டீயும் கிடைக்கும். அப்படியே காலண்டர் ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகளிடம் போன வருட ஆல்பத்தையும் கேட்டு வையுங்கள்; தடித்த தாள், பக்கத்துக்கு ஒரு படம், அவர்களுக்கு இனி உபயோகம் இல்லாதது. கட்டைப் பை பத்தாது, சாக்கு எடுத்துப் போங்கள்.