நான் சொன்ன ‘வலிக்காது’, அப்பாயி சொன்ன ‘ஊசி’

நாலு வயதுப் பெண்ணை முதல் தடவை பல் டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். பொம்மைக்குப் பல் பார்த்தோம், கண்ணாடி முன்னால் நின்று "ஆ" காட்டினோம், டார்ச் அடித்துப் பல்லை எண்ணினோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும்போது அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே என் மாமியார், அதாவது அவளுடைய அப்பாயி, சொன்னார்: "பயப்படாத சாமி, ஊசியெல்லாம் போட மாட்டாங்க."

அவ்வளவுதான். அன்றைக்கு ஊசி என்ற நினைப்பே இல்லாமல் இருந்தவள், ஸ்கூட்டியில் ஏறியதிலிருந்து திருச்சி தில்லைநகர் போய்ச் சேரும்வரை, "ஏன்மா ஊசி போட மாட்டாங்க? யாருக்குப் போடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மாமியாரை மட்டும் குறை சொல்லவும் வாயில்லை. "இந்த ஒரு வாய் வாங்கலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மூன்று வருஷமாகச் சோறு ஊட்டியது நான்தானே.

இடது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி. பார்த்தபோதே போயிருக்கணும். "பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்" என்றார் வீட்டுக்காரர், நானும் விட்டுவிட்டேன். முன்பல்தான் ஆறேழு வயதில் விழும். கடவாய்ப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும் என்பது, அவள் ராத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை சொத்தையோடு காலம் தள்ள முடியுமா?

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர் சொன்ன கிளினிக். பெரியவர்களுக்கு நன்றாகப் பார்ப்பார்களாம். சாயங்காலம் 6.30-க்கு அப்பாயின்ட்மென்ட், உள்ளே கூப்பிட்டது 8.10-க்கு. அதற்குள் உள்ளிருந்து டிரில் சத்தமும், யாரோ ஒரு பெரியவரின் முனகலும் கேட்டாகிவிட்டது. நான் செய்த இன்னொரு கூத்து, ஸ்கேன் எடுக்கப் போகிற மாதிரி அவளை மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கூட்டிப்போனது. யாரும் சொல்லவில்லை, நானாகவே முடிவு பண்ணிக்கொண்டேன். மயக்கம் கொடுப்பதாக இருந்தால்தான் வெறும் வயிறு. சும்மா பார்ப்பதற்கும், பல்லை மரத்துப்போக வைக்கும் ஊசிக்கும் லேசாகச் சாப்பிட வைத்துத்தான் கூட்டிப்போகணும். பசி, தூக்கம், டிரில் சத்தம் மூன்றும் சேர்ந்தால் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்? அங்கிருந்த உதவிப்பெண், "வாயைத் திறக்கலேன்னா ஊசி போட்டுருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வேடிக்கைக்குத்தான். என் மகள் வாயில் வைத்த கண்ணாடியைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

நாலே நிமிஷம். "குழந்தை கோஆபரேட் பண்ணலை. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்யணும்" என்று சீட்டில் எழுதி 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். சில குழந்தைகளுக்கு அது உண்மையாகவே தேவைப்படும். ஆனால் நாலு நிமிஷத்தில் அது எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

குழந்தைகளுக்கென்றே எம்.டி.எஸ். படித்த பல் டாக்டர்கள் தனியாக இருக்கிறார்கள். அப்படி ஒரு டாக்டரம்மாவிடம் அடுத்த வாரம் போனோம். இந்தத் தடவை காலை 10 மணிக்கு, இட்லி சாப்பிட்டுவிட்டு, அப்பாயி இல்லாமல். அங்கேயும் ஒரு சறுக்கல். எடை எவ்வளவு, வீசிங்குக்கு என்ன மருந்து போகிறது என்று கேட்டார்கள். மருந்து அளவெல்லாம் எடையை வைத்துத்தானாம். பைல் வீட்டில். இன்ஹேலரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் தேடி எடுக்க அரை மணி நேரம்.

நாற்காலியில் உட்கார வைத்ததும் வழக்கம்போல, "ஒண்ணும் வலிக்காதுடா" என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்மா. வலின்னு ஒண்ணு இருக்குன்னு நீங்கதான் ஞாபகப்படுத்துறீங்க. அப்புறம் லேசா சுருக்குன்னாக்கூட, அம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு ஆயிடும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அவர் செய்தது இவ்வளவுதான்: நாற்காலியை ஏற்றி இறக்கினார், சுழலும் பிரஷ்ஷை முதலில் அவள் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டினார், பிறகு முன்பல்லில் ஓட்டினார், இருபது பல்லையும் சத்தமாக எண்ணினார். "பூச்சி எங்கே?" என்று கேட்டாள் மகள். பல்லில் பூச்சியெல்லாம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத கிருமி இனிப்பைத் தின்றுவிட்டுப் புளிப்புத் தண்ணி விடும், அதுதான் பல்லைக் கரைக்கும் என்றார். அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

இரண்டாவது தடவைதான் வேலை. முதலில் ஜெல் தடவி, "பல்லைத் தூங்க வைக்கப்போறோம், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அஞ்சு வரைக்கும் எண்ணு" என்றார். மூன்றில் கண்ணீர் வந்தது, ஐந்தில் நின்றுவிட்டது. வேர்ச் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்தது.

வெற்றி என்று நினைத்துக்கொண்டு வந்ததுதான் தப்பு. மரத்துப்போன உதடு பழையபடி ஆக இரண்டு மூன்று மணி நேரமாகும், கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் சமையல்கட்டில் இருந்தேன். அவள் டிவி முன்னால் உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத கீழுதட்டை ரப்பர் மாதிரி மென்றுகொண்டிருந்திருக்கிறாள். சாயங்காலம் நாவல்பழம் போல வீங்கிவிட்டது. மறுநாள் அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம். சீழ் பிடித்துவிட்டது என்று பதறி போன் போட்டேன். போட்டோ பார்த்துவிட்டு, "சீழ் இல்லை, புண் ஆறுற படலம்தான். சுரண்டாதீங்க, காரம் கொடுக்காதீங்க" என்றார்கள். ஒரு வாரத்தில் சரியானது. உங்கள் குழந்தைக்குக் கீழ்த்தாடையில் ஊசி போட்டால் அந்த மூன்று மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள்.

அடுத்த தடவை பல்லுக்கு வெள்ளி நிறத் தொப்பி போட்டார்கள். தெருவில் எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிகிறாள். வலது பக்கமும் ஒரு புள்ளி இருக்கிறது, அதற்கு அடுத்த மாதம் போகணும். அன்றைக்கு மாமியாரைச் சமயபுரத்துக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.