எண்ணிக்கை மட்டும்தான் போகும்

“தம்பி, இதுல நான் எழுதுறது கடைசியில யார் மேசைக்குப் போகும்?”

வட்டார அளவில் நடந்த பயிற்சியில் ஒரு கிராம சுகாதார செவிலியர் கேட்ட கேள்வி. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது அவருக்கு. நான் யோசிக்கவே இல்லை. “எண்ணிக்கை மட்டும்தான் போகும்க்கா. பேர் போகாது” என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிலைத்தான் இத்தனை மாதமாக எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அது பொய் இல்லை. சொன்ன நாளில் படிவத்தில் பெயர் எழுதக் கட்டமே கிடையாது. அந்தப் படிவத்தைப் போட்டவனே நான்தான்.

குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தகவல் பகுப்பாளராக இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு வந்த அழைப்புகள் ஒரு தாளில் இருக்கும். தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணங்கள் சமூக நலத்துறையிடம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குப் போடும் போக்சோ வழக்குகள் மகளிர் காவல் நிலையத்தில், குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்திய குழந்தைகள் இன்னொரு பதிவேட்டில், பள்ளி இடைநின்றவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில், 18 வயது நிறையாத கர்ப்பிணிகள் சுகாதாரத் துறையின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில். ஒரே பெண் பிள்ளை இந்த ஆறிலும் இருக்கலாம். ஒன்றில்கூட இல்லாமலும் போகலாம். எல்லாவற்றையும் மாதம் ஒரு பக்கத்துக்குள் கொண்டுவருவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. விரும்பித்தான் செய்தேன். இந்தத் துறைகள் ஒன்றோடொன்று பேசாததால் கைநழுவிப் போன பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

இந்தக் கணக்குகள் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் தேவையில்லை. சுகாதாரத் துறை தாய்மார்களை எண்ணுகிறது, காவல்துறை முதல் தகவல் அறிக்கைகளை எண்ணுகிறது, 1098 அழைப்புகளை எண்ணுகிறது. மே மாதம் பதிவான கர்ப்பம் ஜூனில் வழக்காகலாம், அதுவும் வேறு மாவட்டத்துக் காவல் நிலையத்தில். வயதும் அப்படித்தான். நர்ஸ் ஆதாரைப் பார்த்து எழுதுவார். நலக் குழுவோ இளைஞர் நீதிச் சட்டப்படி முதலில் பள்ளிச் சான்றிதழைத்தான் கேட்கும். இதையெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

தெரிந்தும் ஒரு காரியம் செய்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ‘வித்தியாசம்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். சுகாதாரத் துறை எண்ணிலிருந்து காவல்துறை எண்ணைக் கழித்தால் மீதி என்ன? மீதி இருந்தால் கட்டம் தானாகச் சிவப்பாகும். ஆரம்ப சுகாதார நிலையம் வாரியாக. துறைகள் தங்களுக்குள் பேச இதைவிட நல்ல வழி இல்லை என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன்.

மூன்றாவது மாத ஆய்வுக் கூட்டத்தில் திரையில் அந்தச் சிவப்புக் கட்டம் ஒன்றைக் காட்டி, “இந்த 4 பேர் யார்?” என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் கேட்பார்கள். ஒரு வாரத்துக்குள் பெயர், ஊர், கணவர் பெயரோடு ஒரு பட்டியல் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய்விட்டது. என் படிவம் வழியாகப் போகவில்லை. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வழியைக் காட்டியது என் படிவம்தான்.

அந்த நாலு பேரில் ஒரு பெண்ணுக்கு 17 வயது. திருமணம் ஆகியிருந்தது, எட்டாவது மாதம். பட்டப்பகலில் ஜீப் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த பரிசோதனைக்கு அவள் வரவில்லை.

இதை எனக்குச் சொன்னது அந்த நர்ஸ்தான், போனில். புகார் சொல்லும் குரலில் இல்லை. “அந்தப் பொண்ணுக்கு ரத்தம் 8 பாயின்ட்தான் இருந்துச்சு சார். இரும்புச்சத்து ஊசி போட வரச் சொல்லியிருந்தேன். எங்க வச்சிருக்காங்களோ.”

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“நான் பேரைக் கேட்கலைக்கா” என்றேன். “தெரியும் சார்” என்றார். அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த நிலையத்தின் வரிசையில் 0. கட்டம் வெள்ளையாகிவிட்டது. கூட்டத்தில் அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்கள். நான் பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். “ஒரு மாதத்தில் 4 எப்படி 0 ஆகும்?” என்று நானாவது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம், நான் எங்கே பேச முடியும் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த 0 என் அறிக்கையை நன்றாகக் காட்டியது, அவ்வளவுதான்.

சரி, வேறு என்ன செய்திருக்க வேண்டும்? போக்சோ சட்டம் 2012இன் 19வது பிரிவுப்படி, இப்படியொரு குற்றம் நடந்தது தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. கணவன் என்றாலும் விலக்கில்லை. அந்தத் தகவல் முன்பே போயிருந்தால் வித்தியாசமே வந்திருக்காது. 17 வயதில் கல்யாணம் செய்து வைத்தது நான் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதே சிவப்புக் கட்டம் வேறொரு வட்டாரத்தில் ஒரு 14 வயதுப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்தது என்பது சரியான வார்த்தை இல்லை, கண்டுபிடித்தது. எமிஸில் இடைநின்றவள், பிக்மியில் வேறு முகவரியோடு பதிவானவள், வழக்கு கிடையாது. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவர். அவள் இன்று பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் அவளை யார் கேட்டிருப்பார்கள்? இதை நினைக்கும்போதெல்லாம், நான் செய்தது சரிதான் என்று மனசு நிமிர்கிறது. அப்புறம் 8 பாயின்ட் ஞாபகம் வந்துவிடுகிறது.

அந்த 0க்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் வயதை மாற்றி எழுதினாரா, அல்லது பெண்களே வருவதில்லையா? பேறுகால நிதியுதவிக்கு எப்படியும் 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், 19 என்று சொல்லும் பழக்கம் முன்பிருந்தே உண்டு. இப்போது அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தகவல் தரும் மருத்துவர் அவள் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்றது. பயந்துபோய் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. அந்த 17 வயதுப் பெண்ணுக்கு அது பொருந்தாது, அவள் பிள்ளை பெறப் போகிறவள். ஆனால் பயம் ஒன்றுதானே. அந்தத் தீர்ப்பைப் படித்தவன் நான். ‘வித்தியாசம்’ என்று தலைப்பு அடிக்கும்போது அது நினைவுக்கு வரவே இல்லை.

அக்கா கேட்ட கேள்வியின் அர்த்தமே எனக்குப் பிறகுதான் புரிந்தது. பெயரா எண்ணிக்கையா என்று அவர் கேட்கவில்லை, யார் மேசை என்று கேட்டார். அவர் பார்ப்பது ஒரு துணை சுகாதார நிலையம், ஏறத்தாழ 5,000 பேர். அந்த ஊர்களில் 18 வயது நிறையாத கர்ப்பிணி 1 என்று எழுதினால் அது பெயர் எழுதின மாதிரிதான். நானோ பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை மாற்றிவிட்டேன். இப்போது வட்டார அளவில்தான் எண் காட்டுகிறது, 5க்குக் கீழே இருந்தால் எண்ணே வராது. வித்தியாசம் இருந்தால் முதலில் நலக் குழுவும் மருத்துவ அலுவலரும் உட்கார்ந்து பேச வேண்டும், வீட்டுக்கு முதலில் போகிறவர் சீருடையில் இருக்கக் கூடாது என்று ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்றுக்கொண்டார்களா என்பது இன்னும் தெரியவில்லை. இந்த மாற்றத்தை முதலிலேயே செய்திருந்தால் அந்த 14 வயதுப் பிள்ளை திரையில் வந்திருக்கவே மாட்டாள். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

‘வித்தியாசம்’ நெடுவரிசையை அழிக்கவும் இல்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறேன். மாதாமாதம் 5ஆம் தேதி எல்லாத் துறைக் கணக்கும் வந்ததும், கதவைச் சாத்திவிட்டு அதை ஒருமுறை திறந்து பார்ப்பேன், பிறகு மறுபடி மறைத்துவிடுவேன். அக்காவின் வரிசையில் இந்த மாதமும் 0.