சுவரில் வழிந்த சோப்பு

ஏற்காட்டிலிருந்து அந்தப் போன் வந்தது ஐப்பசி மாதக் கடைசியில். புதிதாகப் பெயிண்ட் அடித்த பங்களாவின் வெளிச்சுவரில் நத்தை ஊர்ந்த மாதிரி கோடு கோடாக இருக்கிறது என்றார் வீட்டுக்கார அம்மா. ஒரு பெயிண்ட் கம்பெனிக்காகப் புகார் வரும் இடங்களைப் போய்ப் பார்ப்பது அப்போது என் வேலை. சேலம் ஐந்து ரோட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது வண்டிக்கு லைட் போட வேண்டியிருந்தது, அவ்வளவு மேகம்.

சுவர் அடர் பச்சை. அதன்மேல் மேலிருந்து கீழாக வெளிர் பழுப்புக் கோடுகள், தொட்டால் பிசுபிசுப்பு. பெயிண்டர் ஓரமாக நின்றிருந்தார். "தண்ணி அதிகமா கலக்கலைங்க சார்" என்று மட்டும் சொன்னார். கூலியில் பாதியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

விரலை ஈரமாக்கி ஒரு கோட்டின் மேல் வட்டமாகத் தேய்த்தேன். நாலைந்து சுற்றிலேயே விரலடியில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி, வெள்ளையாகத் திரண்டது. பாத்திரம் விளக்கும்போது வருமே, அதே நுரை. இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினேன்.

எமல்ஷன் பெயிண்டில், காய்ந்ததும் படலமாகும் பிளாஸ்டிக் மாதிரியான பொருள்தான் பாலிமர். அது தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல் நுண்துகள்களாக மிதக்கிறது. ஒரு துகள் பெரும்பாலும் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் காப்பது துகளைச் சுற்றி நிற்கும் சோப்பு. தொழிலில் சர்பேக்டன்ட் என்போம். அதன் ஒரு முனை தண்ணீரைத் தேடும், மறுமுனை பாலிமரைப் பற்றிக்கொள்ளும். டப்பாவில் இருக்கும்வரை அதற்கு வேலை உண்டு. சுவரில் ஏறியதும் தண்ணீர் ஆவியாகிறது, துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து படலமாகின்றன. பற்றி நிற்கத் துகளே இல்லாதபோது அந்தச் சோப்பு எங்கே போகும்? தண்ணீரைப்போல ஆவியாகிப் போகவும் அதற்கு வழியில்லை. பல வருடம் என்னை விடாமல் பிடித்திருந்த கேள்வி இது.

பாலிமரோடு ஒத்துப்போகும் சோப்பு உள்ளேயே கரைந்துவிடும். ஒத்துப்போகாதது துகள்களின் இடுக்குகளில் சின்னச் சின்னப் பைகளாகத் தேங்கும். இல்லையென்றால் காற்றுப் பக்கம் மேலே வரும், அல்லது சுவர்ப் பக்கம் அடியில் சேரும். அடியில் சேர்ந்தால் ஒட்டுதல் கெடும். மேலே சேர்ந்தால் பிசுபிசுப்பு, தண்ணீர் பட்ட இடத்தில் கறை. சோப்பின் வகை, பாலிமரின் தன்மை, காயும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் அதன் இடத்தை முடிவு செய்கின்றன. படலம் காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் அது நகர்ந்துகொண்டிருக்கும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அந்தச் சுவருக்குக் கடைசிக் கோட் அடித்தது மாலை நாலரைக்கு. சேலத்தில் என்றால் இருட்டும் முன் தொட்டுப் பார்க்கலாம். இங்கே படலம் கூடும் முன்பே பனி இறங்கிவிட்டது. துளிகள் சுவரில் உட்கார்ந்து, உள்ளிருந்த சோப்பைக் கரைத்து மேலே இழுத்து, கனம் தாங்காமல் வழிந்து, காலையில் கோடாகக் காய்ந்திருக்கின்றன. அடர் நிறம் வேறு. நிறம் கலக்கும் டின்டிங் மெஷினில் சேர்க்கும் நிறக்குழம்போடு இன்னும் கொஞ்சம் சோப்பும், மெதுவாக ஆவியாகும் கிளைக்கால் (glycol) என்ற திரவமும் வந்து சேரும். (சேலத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன், குளியலறைகளில். பெயிண்ட் அடித்த மறுநாளே வெந்நீர் போட்டுக் குளித்திருப்பார்கள்.)

இதற்கு வைத்தியம் சுலபம். வெறும் தண்ணீர், மெத்தென்ற துணி. அழுத்தித் தேய்க்கக் கூடாது. அடுத்த பனியில் திரும்ப வந்தால் திரும்பக் கழுவ வேண்டும். நாலைந்து முறையில் சோப்பு தீர்ந்துவிடும், படலத்துக்குக் கெடுதல் இல்லை. அம்மா அன்றே ஒரு மூலையைக் கழுவிப் பார்த்து, பச்சை அப்படியே இருப்பதைக் கண்டார்.

கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. 'அடித்த விதத்தில் குறை' என்று எழுதச் சொன்னார்கள். பனி இறங்கும் நேரத்தில் அடிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறதாம். போட்டிருந்தது, உண்மைதான். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். இருபது வருடமாக ரோலர் பிடிக்கும் ஒருவர் படிக்கத் தமிழில் ஒரு வரி இல்லாதபோது அவர்மேல் குறை எழுத எனக்கு மனம் வரவில்லை. 'வேலையில் குறை இல்லை. குளிரும் பனியும் அடர் நிறமும் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை.

அப்புறம் ஒரு தாளில் பெரிய எழுத்தில், 'மலையில் வெளிச்சுவருக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் அடிக்க வேண்டாம்' என்று எழுதி ஏற்காட்டுக் கடையில் ஒட்டச் சொன்னேன். அடுத்த முறை போனபோது தாளின் ஓரம் சுருண்டிருந்தது. யாரோ அதன் அடியில் பேனாவால், 'அடர் கலருக்கு பன்னண்டு மணி' என்று சேர்த்திருந்தார்கள். அந்தப் பெயிண்டரின் எழுத்து என்றார் கடைக்காரர். மீதிக் கூலியும் அவருக்கு வந்துவிட்டதாம்.