குன்னூர் ஜீப்பும் ஒரு ஹொய்சளத் தம்பியும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். குன்னூரில் ஒரு ஜீப்காரர் ட்ரூக் கோட்டைக்குப் போக மட்டும் 1,000 ரூபாய் கேட்டார். "பாதை மோசம் சார், டயர் போயிடும்." பேரம் பேசி 900 ஆக்கிவிட்டு, ஏதோ சாதித்தவன் மாதிரி தம்பியைப் பார்த்துச் சிரித்தேன். நான்சச் எஸ்டேட் பக்கம் தேயிலைக்கு நடுவே நிறுத்தி, "இனிமே நடைதான்" என்றார். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா, "இதுக்கா ஜீப்பு? பஸ்ஸே வருதே தம்பி" என்றார். என் தம்பி பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்த பட்ஜெட்டே 4,000!

மூச்சு வாங்க ஏறினால் மேலே மிஞ்சியிருப்பது இடிந்த சுவர்தான். பக்காசுரன் மலை என்றும் சொல்கிறார்கள். திப்பு சுல்தானின் காவல் இடம். விளிம்பில் நின்று கீழே சமவெளியைப் பார்த்தால் ஏன் இந்த இடம் என்று யாரும் விளக்க வேண்டாம்.

ஆனால் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது திப்பு இல்லை. அவருக்கு ஆறரை நூற்றாண்டு முந்தைய, கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன். அவனுடைய தண்டநாயகன், அதாவது படைத்தளபதி புணிசன், இந்த மலைப் பழங்குடிகளான தோடர்களை அஞ்சவைத்து நீலமலையை, அதாவது நீலகிரியைப் பிடித்ததாக 1117ஆம் ஆண்டின் சாமராஜநகர்க் கல்வெட்டு சொல்கிறது. (தோடர்களுக்கு என்ன தோன்றியது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.)

ராஜா ஏன் தானே வரவில்லை? சுவரில் சாய்ந்து தம்பியிடம் கதை சொன்னேன். இளமையில் அவன் பெயர் பிட்டிதேவன். பட்டத்துக்கு உரியவன் அவன் இல்லை, அண்ணன் பல்லாளன். அப்பா எறெயங்கன் சாளுக்கியருக்காக மாளவம் வரை போய்ப் போரிட்டவர். அண்ணன் ஆண்டபோது ஜகத்தேவன் என்பவன் தலைநகர் துவாரசமுத்திரத்தின் மீதே படையெடுத்து வந்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று அவனை விரட்டினார்கள்.

அதாவது, இன்னொருவர் கொடிக்குக் கீழே நின்று சண்டை கற்றவன். 1108இல் அரியணை ஏறிய பிறகும் எல்லாவற்றையும் நானேதான் செய்வேன் என்ற வீம்பு அவனிடம் இல்லாததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பிடித்தது தளபதி கங்கராஜன். அப்பா யாருக்காகப் போரிட்டாரோ அதே சாளுக்கியரின் முகாமை 1118இல் கண்ணேகாலில் இரவோடு இரவாகத் தாக்கியதும் அவர்தான். 'தலைக்காடு கொண்டான்' என்ற பட்டம் மட்டும் ராஜாவுக்குப் போனது, அது வேறு விஷயம்!

மலையும் அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அங்கடிதான் பூர்வீகம். 'மலபரொள்கண்ட', அதாவது மலைத் தலைவர்களுக்குள் வீரன் என்று பட்டமே உண்டு. மேடு ஏறி இளைப்பது என்னைப் போன்ற சமவெளிக்காரனுக்குத்தான்.

"அப்போ தம்பிக்குப் பொறுப்பு கொடுத்தா ஜெயிக்கலாம்ங்கற" என்றான் இவன். சரி, திரும்பும் பயணத்தை நீயே பார்த்துக்கொள் என்றேன். யாரிடமும் பேரமே பேசவில்லை, பஸ்ஸுக்காக உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரம் வரவில்லை. கை விறைத்துப்போனது. ஆனால் அங்கே ஒரு பெட்டிக்கடையில் கிடைத்த டீயும், இந்த ஊர் பேக்கரிப் பண்டமான வர்க்கியும்! வெளியே மொறுமொறு, உள்ளே ஏடு ஏடாக. டீயில் முக்கினால் கரையாமல் நிற்கிறது. ஆளுக்கு ஆறு தின்றோம். ஜீப்புக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு முழுக்கக் குன்னூர் பேக்கரியில் வர்க்கிப் பொட்டலமாகி வீட்டுக்கு வந்தது.