பட்டறை முதுகு: சில நாட்குறிப்புகள்

2025 நவம்பர் 3, திங்கள்

தீபாவளி ஓய்வு முடிந்து கொலுசுப் பட்டறைகள் மறுபடி முழுமூச்சாக இறங்கிவிட்டன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிற எனக்கு இதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமைக் கூட்டமே சொல்லிவிடும்.

இன்று வந்தவர்களில் ஒருவர் பற்றவைப்பு வேலை செய்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் தொடங்கும் குடைச்சல் வலது தோள் வழியாகக் கட்டைவிரல் வரை இறங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. சாமணத்தில் பிடித்த வளையம் நழுவி விழுகிறது. கையில் ஒரு எக்ஸ்ரே உறை.

"கழுத்தெலும்பு தேய்ந்துபோய்விட்டதாம் அம்மா. இனிமேல் வேலைக்கே உட்கார முடியாதா?"

தலையைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் லேசாக அழுத்தியதும் முகம் சுளித்தார். வலி கைக்குள் இறங்கியது. ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருந்து வெளிவரும் நரம்பு உறுத்தப்படுகிறது என்பதற்கு அந்த இரண்டு விரல்களே சாட்சி. நேராக நடக்கிறார், சட்டைப் பொத்தானைத் தடுமாறாமல் போடுகிறார். ஆகவே தண்டுவடத்தில் அழுத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அது இருந்தால் நடை தள்ளாடும், இரண்டு கைகளும் பிடிமானம் இழக்கும். அப்படிப்பட்டவரை நான் வைத்துக்கொண்டிருக்கவே கூடாது.

எக்ஸ்ரே காட்டுவது பெரும்பாலும் வயதைத்தான். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை வைத்து நடந்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு இடுப்பு வட்டுகளில், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகளில், தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். கழுத்திலும் கதை ஏறக்குறைய இதேதான். இதைச் சொன்னதும் அவர் எக்ஸ்ரே உறையை ஒரு புது மரியாதையோடு, அதாவது கொஞ்சம் அலட்சியமாக, நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குனிந்து காட்டினார். சனிக்கிழமை பட்டறைக்கே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 6, வியாழன்

இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இன்று ஒரு அக்கா குளிக்கும் நேரம் தவிர எப்போதும் கட்டியிருக்கிறாராம், ஒரு வருடமாக. நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட் வேண்டாம், இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. கடைகளில் வாசலிலேயே பெல்ட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வழிகாட்டுதலை யார் தொங்கவிடுவது?

ஒரேயடியாகக் கழற்றச் சொல்லவில்லை. காலையில் ஒரு மணி நேரம் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னேன். பயம்தான் முதலில் கழல வேண்டும்.

நவம்பர் 8, சனி

பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிகிச்சை மேசையில் தெரியாத பல விஷயங்கள் அங்கே தெரிந்தன.

சின்ன அறை. ஐந்து பேர் தரையில் சம்மணமிட்டு, ஆளுக்கொரு தாழ்வான பலகைக்கு முன்னால். மின்விசிறி ஓடவில்லை. காற்று வந்தால் சுடர் அலையும், வெள்ளித்தூள் பறக்கும். பற்றவைக்கிறவர் இடது கையில் சாமணம், வலது கையில் சுடர்க்குழாய் வைத்திருக்கிறார். வளையம் சரியான சூட்டில் மினுங்கும் அந்த நொடியைத் தவறவிடக் கூடாது. அதனால் மூக்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறார். அப்படியே அடுத்த வளையம், அதற்கடுத்தது. நான் பார்த்தவரை அரைமணி நேரத்துக்குக் கழுத்து நிமிரவே இல்லை.

மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து நிற்பதும் கையை நீட்டிப் பிடித்து நிற்பதும் ஒன்றா? தலை முன்னால் போகப் போக அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகள் படும் பாடு அதுதான். கீழே இடுப்பின் கதை வேறு. சம்மணத்தில் குனியும்போது இடுப்பின் இயல்பான உள்வளைவு மறைந்து முதுகு கூன் போடுகிறது. இடுப்பு வட்டுகளின் முன்பக்கம் நசுங்குகிறது, பின்பக்கம் விரிந்து இழுபடுகிறது. ஐந்து நிமிடம் என்றால் ஒன்றுமில்லை. இவர்கள் காலை முதல் இரவு வரை அப்படியே இருக்கிறார்கள்.

மேசை நாற்காலி போட்டால் என்ன என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். "தூள் தரையில் விழுந்தால் கூட்டி எடுத்து உருக்கிவிடலாம் அம்மா. மேசையிலிருந்து தெறித்தால் எங்கே போய்த் தேடுவது?" நியாயம்தான். விழுகிற தூளும் காசு.

சரி, தரையிலேயே இருக்கட்டும் என்று பேரம் தொடங்கியது. பலகையின் கால்களை ஒரு சாண் உயர்த்தி, தூள் சிந்தாமல் சுற்றிலும் விளிம்பு அடிக்கலாம். உட்காருகிற இடத்தில் நான்கு விரல் உயரத்துக்குச் சாக்கை மடித்துப் போட்டால் இடுப்பு முழங்காலுக்கு மேலே ஏறும். முதுகு தானாகவே கொஞ்சம் நிமிரும். விளக்கைத் தாழ்த்திப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செய்கிற அளவுக்குத்தான் கூலி. எழுந்தால் கூலியும் எழுந்து போய்விடும்.

மூலையில் ஐம்பது வயது அண்ணன் ஒருவர் எல்லோரையும் விட ஆழமாகக் குனிந்திருந்தார். கழுத்து வலி நான்கைந்து வருடமாக இருக்கிறதாம். பையிலிருந்த ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். கையை நீட்டிப் பிடித்தும் தெரியவில்லை. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. பொடி வேலை தெரியவில்லை என்பதால் வெளிச்சத்துக்காகவும் பார்வைக்காகவும் குனிந்துகொண்டே போயிருக்கிறார். அவருக்கு முதலில் வேண்டியது கண் பரிசோதனையும் கண்ணாடியும். கழுத்துக்கு வைத்தியம் அப்புறம்.

நவம்பர் 12, புதன்

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர். மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வெளிப்புறமாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல இழுக்கிறதாம். தும்மினால் உயிர் போகிறதாம். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கினேன். 40 பாகைக்குள்ளேயே "போதும் போதும்" என்று கத்தினார். கட்டைவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லி என் விரலால் தடுத்துப் பார்த்தேன். வலது கால் என்னைத் தள்ளியது, இடது கால் தோற்றது.

நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை உறுத்தியிருக்க வேண்டும். பிதுக்கங்களில் மிகப் பெரும்பான்மை இந்த மட்டத்திலோ இதற்கு அடுத்த கீழ் மட்டத்திலோதான் வருகின்றன. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது, வண்டியின் அதிர்வு, பாரம் தூக்குவது, புகைப்பது எல்லாம் இவருக்குச் சேர்ந்திருக்கின்றன.

விரலில் பலக்குறைவு இருப்பதால் எலும்பு மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். பலம் நாளுக்கு நாள் குறைந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. குறையாவிட்டால் காத்திருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் கால் வலி இறங்கிவிடுகிறது. பிதுங்கிய துண்டை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதைப் பல ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். இதை நம்பவைப்பதுதான் கடினம். "கரையுமா? எலும்புக்குள் இருப்பதா?" என்று மகன் மூன்று முறை கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

பழம் பறிப்பு தொடங்கியிருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இரண்டு நூற்றாண்டு ஆகியும் பறிப்பது கையால்தான். பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, இடது கையால் கிளையை வளைத்து, வலது கையால் சிவந்த பழத்தை மட்டும் உருவுகிறார்கள். அண்ணாந்து பார்க்கிறார்கள், குனிகிறார்கள், சரிவில் நடக்கிறார்கள். உடல் ஒரே நிலையில் உறைந்து நிற்பதில்லை. கழுத்து வலி என்று அங்கே யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் மூட்டை தூக்கும்போது வரும் இடுப்புப் பிடிப்பு. மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள், தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள் என்றேன். "இரண்டு பேர் தூக்கினால் ஆகாதா?" என்றார் ஓர் அம்மா. அது என் யோசனையைவிட நல்ல யோசனை.

கொட்டகையில் ஒரு பாட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தார். போன வாரம் ஈரச் சரிவில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தாராம். அன்றிலிருந்து நடுமுதுகில் ஒரே இடத்தில் வலி. புரண்டால் அலறுகிறார். வெந்நீர் ஒத்தடம் நடந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை விரலால் லேசாகத் தட்டினேன், கையைத் தட்டிவிட்டார். அந்த வயதில் இது சுளுக்கு அல்ல. எலும்பு வலுவிழந்து முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி, மதியமே வண்டியில் இறக்கினோம்.

நவம்பர் 17, திங்கள்

பாட்டிக்கு எலும்பு நசுங்கியிருப்பது உறுதி. அறுவைச் சிகிச்சை வேண்டாம், மருந்தும் எலும்பை வலுவாக்கும் சிகிச்சையும் போதும் என்றார்களாம்.

நவம்பர் 19, புதன்

இரவு ஒன்பதரைக்கு அம்மாப்பேட்டையிலிருந்து தொலைபேசி. தறியில் பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கியவருக்கு இரண்டு நாளாக இடுப்பு வலி. "நாளைக்கு அழைத்து வரலாமா?" என்று மனைவி கேட்டார். வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு கால்களும் மரத்திருக்கின்றன. உட்காரும் இடமே உணர்ச்சியில்லாமல் இருக்கிறதாம். சிறுநீர் காலையிலிருந்து போகவில்லை.

என்னிடம் வர வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், விடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே அரசு மருத்துவமனைக்கு என்றேன். தண்டுவடம் முடிந்த பிறகு கீழே இறங்கும் நரம்புக் கற்றை முழுவதும் நசுங்கும்போது இப்படித்தான் ஆகும். அழுத்தத்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இடுப்பு வலிக்காரர்களில் இப்படி வருகிறவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் நான் யாரையும் படுக்கையில் ஏற்றுவதில்லை. கூடவே மாலைக் காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா, முன்பு புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்பேன். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் சாதாரண முதுகு வலி வேடத்தில் மாதக்கணக்கில் உலவும்.

நவம்பர் 20, வியாழன்

விடிகாலையிலேயே அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டதாம்.

நவம்பர் 22, சனி

கல்லூரி மாணவர் ஒருவர் கழுத்துப் பிடிப்போடு வந்தார். சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தைச் சொடுக்கிவிட்டார்களாம். எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், பாட்டி கைவைத்தியம் எதற்கும் நான் எதிரி இல்லை. சூடு தசையைத் தளர்த்தும், அதில் தப்பில்லை. இந்தச் சொடுக்குக்கு மட்டும் நான் பரம எதிரி. கழுத்தைத் திடீரென்று திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம், பக்கவாதம் வரலாம். அரிதுதான். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தலையைக் கொடுக்க வேண்டுமா?

நவம்பர் 26, புதன்

மருந்துக் கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரையை இருபது நாளாக விழுங்கிவிட்டு வயிற்றெரிச்சலோடு ஒருவர். ரத்த அழுத்தமும் உண்டு, சர்க்கரையும் உண்டு. இந்த மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். நாட்கணக்கு நீண்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மருத்துவரிடம் அனுப்பினேன்.

அவர் இருபது நாளும் படுத்தேயும் இருந்திருக்கிறார். 1995-இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் சிலரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், சிலரை முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் வேலையைப் பார்த்தவர்கள்தான். கதையாகச் சொன்னேன். "அங்கே குளிர், எழுந்து நடந்தால்தான் சூடு" என்று பதில் வந்தது.

நவம்பர் 29, சனி

மறுபடி பட்டறை. விளிம்பு அடித்து உயர்த்திய பலகை ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. முகவாயை உள்ளிழுக்கும் பயிற்சியையும் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்கும் பயிற்சியையும் பற்றவைப்பவர் விடாமல் செய்கிறார். கை வலி முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. வலி விரலை விட்டுக் கழுத்தை நோக்கிச் சுருங்குவது நல்ல அறிகுறி. கட்டைவிரல் மட்டும் இன்னும் மந்தம். அதற்கு நாள் பிடிக்கும்.

மூலை அண்ணன் கண்ணாடி போட்டிருந்தார். மூக்குக்கும் பலகைக்கும் நடுவில் இப்போது ஒரு முழம். வலி பாதியாகிவிட்டது என்கிறார். எழுந்து தண்ணீர் குடிக்கும் யோசனை யாரிடமும் எடுபடவில்லை. பட்டறைக்காரரே அரைமணிக்கு ஒருமுறை தேநீருக்கு எழுந்து போகிறார் என்பதைக் குறித்துக்கொண்டேன். அவருக்கு மட்டும் கழுத்து வலி இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

லாரி ஓட்டுநர் மகன் துணை இல்லாமல் வந்தார். கால் 65 பாகை வரை தூக்க முடிகிறது. கட்டைவிரல் என் விரலைக் கொஞ்சம் தள்ளியது. அறுவைச் சிகிச்சை இப்போது வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

நாக்பூர் லோடு இருக்கிறதாம், போகலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். கோயம்புத்தூர்? பேரம் ஈரோட்டில் வந்து நின்றது. பின்பாக்கெட் பர்ஸ் கூடாது, வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும், தார்ப்பாயைக் கிளீனர் இழுத்துக் கட்டட்டும் என்றேன்.

"கிளீனர் வைக்கக் கட்டுப்படியாகவில்லை அம்மா. எல்லாம் நானேதான்."

லோடு ஏற்றுகிறவர்களுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தால் கட்டிவிடுவார்களாம். அந்த இருநூறை வாடகையில் சேர்த்துத் தரச் சொல்லி வண்டி முதலாளியிடம் என்னையே பேசச் சொல்கிறார். எண்ணைக் குறித்துக்கொண்டேன், நாளைக் காலை பேச வேண்டும்.