அட்டையில் பெயர் இல்லாத கிடார்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஒரு வருஷம் வேறொரு ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய் ராத்திரி முழுக்க லீட் கிடார் வாசித்தேன். அவர்கள் கிடார்காரருக்குக் காய்ச்சல், அங்கே டிரம்ஸ் வாசிப்பவன் என் நண்பன், மதியம் மூன்று மணிக்கு போன் பண்ணி “மச்சி, மானத்தைக் காப்பாத்துடா” என்கிறான், எங்கள் ட்ரூப் ஓனர் காதுக்குப் போனால் அவ்வளவுதான் என்று தெரிந்தும் சத்துவாச்சாரியில் கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். காய்ச்சல்காரரின் கோட்டை மாட்டிவிட்டார்கள். கை பாதிக்குத்தான் வந்தது. அறிவிப்பாளர் ஒவ்வொருத்தர் பெயராகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டே வந்தவர், என்னை விட்டுவிட்டு நேராக தபேலாவுக்குத் தாவினார். நானே கேட்டுக்கொண்டதுதான். ஆனாலும் சுருக்கென்றது.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுடைய ‘வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாட்டில் அழுகிற அந்த லீட் கிடார், அவர்களுடைய கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசனுடையது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வாசித்தவர் வேறொரு குழுவின் கிடார்காரர் எரிக் கிளாப்டன். 1968 நவம்பரில் வந்த அந்த வெள்ளை அட்டை இரட்டை ஆல்பத்தில் அவர் பெயரே கிடையாது. எங்கள் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 வரைக்கும் கோயில் மட்டும்தான் இருந்தது, உள்ளே மூலவர் இல்லை. இங்கே மூலவர் உள்ளேதான் இருக்கிறார், போர்டுதான் இல்லை!

ஜூலையிலிருந்தே ஹாரிசன் அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, டிரம்மர் ரிங்கோ வேறு கோபித்துக்கொண்டு போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். செப்டம்பர் 6 அன்று லண்டனுக்குக் காரில் போகும்போது கிளாப்டனை ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுகிறார். பீட்டில்ஸ் ரெக்கார்டில் வெளியாள் போய் வாசிப்பதா என்று அவ்வளவு பெரிய ஆளே பின்வாங்குகிறார். என் பாட்டு, நான் கூப்பிடுகிறேன், வா என்று ஹாரிசன் விடவில்லை.

எனக்குப் பிடித்தது இதற்கப்புறம் நடந்ததுதான். கிளாப்டன் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்களாம், பின்னாளில் ஹாரிசனே சொன்னது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள் சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்களே, அந்த மாதிரி. ஹாரிசன் சாமர்த்தியக்காரர், சோலோவுக்கு மட்டுமா கூப்பிட்டிருப்பார்?

வாசித்து முடித்ததும் கிளாப்டனுக்கே ஒரு குறை, இது பீட்டில்ஸ் சத்தம் மாதிரி இல்லையே என்று. அதனால் மிக்ஸிங்கில் டேப்பின் வேகத்தை ஆட்டி ஆட்டி அவர் கிடாரை நெளியவிட்டார்கள். அவருக்கும் ஒரு கோட்டு மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மொய் திரும்பியது. கிளாப்டனின் க்ரீம் குழுவுக்கு ‘பேட்ஜ்’ பாட்டைச் சேர்ந்து எழுதி ரிதம் கிடாரும் வாசித்தார் ஹாரிசன். 1969இல் வந்த ஆல்பத்தில் அவர் பெயர் ‘லாஞ்செலோ மிஸ்டெரியோஸோ’, இத்தாலிய மொழியில் மர்ம தேவதை. வேறு கம்பெனி ஒப்பந்தத்தில் இருக்கிறவர் சொந்தப் பெயரிலா வர முடியும்?

என் நண்பனும் மறுவருஷம் ஆடியில் எங்கள் டிரம்மர் வராத ராத்திரி வந்து வாசித்துக் கொடுத்தான். எங்கள் கோட்டு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.